பனம்பழம் விழ 15 படம் போதும்: ஜிம்பில் பிரேம் பிரேமாக அனிமேஷன் செய்யும் முழு வழிகாட்டி

பனம்பழக் காலத்தில் இரவு படுத்திருக்கும்போது வளவுக்குள் 'தொப்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு முன்னும் பின்னும் இருக்கிற இரண்டு மூன்று செக்கனைத்தான் இதில் வரையப் போகிறோம். பழம் மரத்தில் ஆடுகிறது, கழன்று விழுகிறது, மணலில் ஒருமுறை துள்ளி நிற்கிறது. படம் வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. ஒரு வட்டமும் நாலு கோடும் போடத் தெரிந்தால் சரி. பழைய லப்டொப்பும் மவுஸும் போதும், வரைபலகை எதுவும் வாங்க வேண்டாம்.

நான் முதன்முதலில் இதைச் செய்தபோது பழத்தை ஒவ்வொரு படத்திலும் 40 புள்ளி (பிக்சல்) கீழே இறக்கினேன். எட்டுப் படம், எட்டு நாற்பது 320, கணக்குச் சரி. ஓடவிட்டுக் காட்டியதும் பக்கத்தில் இருந்த மருமகன் சொன்னான்: "மாமா, பழம் விழேல்ல. கிணத்துக்குள்ள வாளி இறக்கிற மாதிரிக் கிடக்கு." அவன் சொன்னது முழு உண்மை. விழுகிற பொருள் போகப் போக வேகம் கூடும், ஆகவே படத்துக்குப் படம் இடைவெளியும் கூடவேண்டும். அந்த இடைவெளியைச் சரியாக வைத்தால் வெறும் கறுப்பு வட்டம்கூடப் பனம்பழமாக விழும், தவறாக வைத்தால் எவ்வளவு அழகாக வரைந்த பழமும் வாளிதான். கீழே நான் எண்களில் இவ்வளவு கவனம் வைப்பதற்குக் காரணம் இதுதான்.

என்ன மென்பொருள்

ஜிம்ப். இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் ஓடும். படம் திருத்துகிற மென்பொருள்தான், ஆனால் அதிலுள்ள லேயர்களையே அனிமேஷனின் பிரேம்களாக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் படங்களாக, எடுத்துக்கொள்ளும். போட்டோஷொப் வைத்திருப்பவர்கள் 'டைம்லைன்' பனலைத் திறந்து, 'கிரியேட் ஃபிரேம் அனிமேஷன்' அழுத்தி, அந்தப் பனலின் மெனுவில் 'மேக் ஃபிரேம்ஸ் ஃப்ரொம் லேயர்ஸ்' என்று கொடுத்தால் அங்கேயும் இதே வேலை நடக்கும், நான் தரும் எண்கள் எல்லாம் அப்படியே பொருந்தும். இலவசமான கிரிட்டாவில் அனிமேஷனுக்கென்றே தனி டைம்லைன் இருக்கிறது. நிறைய வரையப் போகிறவர்களுக்கு அது நல்லது. முதற்படிக்கு ஜிம்ப் போதும், ஏனென்றால் லேயர் என்ற ஒன்றை மட்டும் விளங்கிக்கொண்டால் எல்லாம் விளங்கிவிடும்.

பள்ளிக்கூடத்தில் கொப்பியின் மூலையில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு ஆளை வரைந்து விரலால் தட்டி ஓடவிட்டிருப்பீர்கள். லேயர் என்பது அந்தக் கொப்பித் தாள். ஜிம்பில் அடியில் கிடக்கும் லேயர்தான் முதல் பிரேம், மேலே போகப் போக அடுத்தடுத்த பிரேம். இதை மட்டும் தலைகீழாக நினைத்துவிட்டால் பழம் மண்ணில் இருந்து மரத்துக்கு ஏறும். அப்படி ஆகிவிட்டாலும் பதற வேண்டாம், 'லேயர்' மெனுவில் 'ஸ்டக்' என்பதற்குள் 'ரிவர்ஸ் லேயர் ஓடர்' இருக்கிறது, ஒரே அழுத்தில் வரிசை திரும்பிவிடும்.

செக்கனுக்கு எத்தனை படம்? சினிமா செக்கனுக்கு 24 பிரேம் ஓடுகிறது. கையால் வரைபவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தி 12 படத்தோடு முடித்துக்கொள்வார்கள். நாங்களும் அதை ஒட்டித்தான், படத்துக்கு 80 மில்லிசெக்கன்.

தரையும் மரமும்

'ஃபைல்', 'நியூ' போய் அகலம் 480, உயரம் 480 என்று கொடுங்கள். இதைவிடப் பெரிதாகப் போகாதீர்கள், கடைசியில் கோப்பு வீங்கிவிடும்.

முதல் லேயரில் வானத்தை ஒரே நிறத்தால் நிரப்புங்கள். மேலிருந்து 430 ஆவது புள்ளியில் தரை தொடங்கட்டும், அதற்குக் கீழே மணல் நிறம். ஒரு பக்கத்தில் பனையின் அடிமரம் மேலே போய்ப் படத்துக்கு வெளியே மறையட்டும், மேல் மூலையில் இரண்டு ஓலை எட்டிப் பார்த்தால் போதும். கிடுகு வேலி வரைய ஆசையிருந்தால் வரையுங்கள், ஆனால் நிறங்களைக் குறைத்தே வையுங்கள். மெல்ல மெல்ல மாறும் நிறக்கலவை வானம் வேண்டாம். நாங்கள் கடைசியில் எடுக்கப் போகும் ஜிஃப் கோப்பு 1987 இல் வந்த வடிவம், ஒரு பிரேமில் 256 நிறத்துக்கு மேல் தாங்காது, கலவை வானம் அதில் பட்டை பட்டையாகப் பிரிந்து அசிங்கமாகத் தெரியும்.

இந்த லேயருக்குத் 'தரை' என்று பெயர் வையுங்கள் (பெயரில் இரண்டு தரம் கிளிக் செய்தால் மாற்றலாம்). இனி இதில் கை வைக்க வேண்டாம்.

பழம்

கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் அழுத்திப் புது லேயர் ஒன்று எடுங்கள். நிரப்பும் இடத்தில் 'ட்ரான்ஸ்பரன்ஸி' என்று இருக்கவேண்டும், வெள்ளை என்று இருந்தால் தரை மறைந்துவிடும். முட்டை வடிவத் தெரிவுக் கருவியை எடுத்து, அதன் கட்டத்தில் இடம் 300, 60 என்றும் அளவு 50, 50 என்றும் எண்ணாகவே அடியுங்கள். கறுப்பு கலந்த மண்ணிறத்தை ஊற்றுங்கள், அடிப்பக்கம் கொஞ்சம் செம்மஞ்சள், மேலே தொப்பி போல ஒரு சின்ன மூடி.

ஏன் 60 என்றால், பழத்தின் அடி 110 இல் இருக்கும், அது 320 புள்ளி இறங்கினால் சரியாக 430 இல், மணலின் மேல், வந்து நிற்கும். ஆரம்பத்திலேயே இந்தக் கணக்கைப் பார்த்து வைத்தால் கடைசியில் பழம் அந்தரத்தில் நிற்கிறதே என்று தலையைப் பிய்க்கத் தேவையில்லை.

விழுதல்

கலிலியோ கண்டுபிடித்த ஒரு ஒழுங்கு இருக்கிறது: விழுகிற பொருள் சம நேரங்களில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்று ஒற்றை எண்களாகக் கூடிக்கொண்டு போகும். கூட்டிப் பார்த்தால் 1, 4, 9, 16, அதாவது படத்தின் எண்ணை அதே எண்ணால் பெருக்குவது. எங்கள் தூரம் 320, படம் எட்டு, எட்டெட்டு 64, 320 ஐ 64 ஆல் பிரித்தால் 5. ஆக ஒவ்வொரு படத்திலும் பழம் தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு கீழே இருக்க வேண்டும் என்றால்:

5, 20, 45, 80, 125, 180, 245, 320.

முதல் இரண்டும் கிட்டத்தட்ட அசையவில்லை என்று தோன்றும். கடைசிப் பாய்ச்சல் மட்டும் 75 புள்ளி. பயப்படாமல் இப்படியே வையுங்கள்.

செய்யும் முறை இது. பழ லேயரைத் தெரிந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், டி அழுத்தினால் அதன் பிரதி ஒன்று மேலே வரும். 'லேயர்', 'டிரான்ஸ்ஃபோர்ம்', 'ஒஃப்செட்' போய், வை என்ற இடத்தில் 5 என்று அடித்து, ஓரம் என்ன ஆகவேண்டும் என்று கேட்கும் இடத்தில் ட்ரான்ஸ்பரன்ட் என்று வருவதைத் தெரியுங்கள். அடுத்தது 20, அப்புறம் 45. மவுஸால் இழுத்தும் செய்யலாம், ஆனால் நகர்த்தும் கருவியில் ஒரு பொறி இருக்கிறது: அது சாதாரணமாக நீங்கள் கிளிக் செய்த இடத்தில் என்ன லேயர் இருக்கிறதோ அதைத்தான் பிடிக்கும், நீங்கள் தெரிந்து வைத்த லேயரை அல்ல. பழத்தை இழுப்பதாக நினைத்துத் தரையையே இழுத்துவிட்டு எத்தனையோ தரம் திரும்ப வந்திருக்கிறேன். கருவியின் கட்டத்தில் 'மூவ் த அக்டிவ் லேயர்' என்பதைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை (புதிய பதிப்பில் 'செலக்டட் லேயர்ஸ்' என்று இருக்கும்).

ஒவ்வொரு பிரதியையும் முதற்பழத்திலிருந்தே எடுங்கள், முந்திய பிரதியிலிருந்து அல்ல. பிரதி தெரிந்த லேயருக்கு நேர் மேலே வந்து உட்காரும், ஆகவே ஒவ்வொன்றையும் அடுக்கின் உச்சிக்கு இழுத்துவிட மறக்காதீர்கள்.

விழ முன்னும் விழுந்த பின்னும்

நேராக விழ விட்டால் பார்ப்பவர் கண் பழத்தைக் கண்டுபிடிக்க முன்னமே பழம் கீழே கிடக்கும். ஆகவே முதல் பிரேம் பழம் மரத்தில் சும்மா இருப்பது, நேரம் 600 மில்லிசெக்கன். அப்புறம் இரண்டு பிரேம் நடுக்கம்: ஒஃப்செட்டில் எக்ஸ் இடத்தில் 3, அடுத்ததில் -3. அந்தச் சின்ன நடுக்கம் 'இதோ ஏதோ நடக்கப் போகிறது' என்று கண்ணுக்குச் சொல்லிவிடும்.

விழுதலின் எட்டாவது படம், 320 இல் உள்ளது, மணலில் மோதும் கணம். அந்தப் பழத்தைத் தெரிவு செய்துகொண்டு, ஸ்கேல் கருவியால் அதை மட்டும் 58 அகலம், 43 உயரம் என்று கொஞ்சம் நசியுங்கள். அகலம் கூடினால் உயரம் அதற்கேற்பக் குறையவேண்டும், அகலத்தை மட்டும் கூட்டினால் பழம் ஊதியது போல ஆகும். நசித்த பிறகு அடி திரும்பவும் 430 இல் நிற்கிறதா என்று பாருங்கள். இருபக்கமும் நாலைந்து மணல் துளி தெறிக்கட்டும்.

பிறகு துள்ளல். பனம்பழம் ரப்பர் பந்து இல்லை, பாரம் உள்ளது, நார் நிறைந்தது, மணலும் வேகத்தைக் குடித்துவிடும். ஆகவே 16 புள்ளி உயரத்துக்கு மேல் துள்ள விடாதீர்கள். ஒஃப்செட் 308, 304, 308, கடைசியில் 320. ஏறும்போது வேகம் குறைந்து, உச்சியில் தயங்கி, இறங்கும்போது கூடும் என்பது இந்த மூன்று எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பாரம் என்பதை அனிமேஷனில் காட்டும் வழியே இதுதான்: துள்ளலை 16 க்குப் பதிலாக 120 ஆக்கிப் பாருங்கள், அதே கறுப்பு வட்டம் அந்தக் கணமே பிளாஸ்டிக் பந்தாகிவிடும்.

கடைசிப் பிரேம் பழம் ஓய்ந்து கிடப்பது, 1000 மில்லிசெக்கன். எண்ணிப் பாருங்கள்: சும்மா 1, நடுக்கம் 2, விழுதல் 8, துள்ளல் 3, ஓய்வு 1. மொத்தம் 15.

கையாலேயே ஒவ்வொரு படமும் வரையப் பிரியமானவர்களுக்கு ஒன்று. முந்திய லேயரின் ஒப்பாசிட்டியை 30 க்கு இறக்கினால் அது மங்கலாகத் தெரியும், அதைப் பார்த்து அடுத்ததை வரையலாம். வேலை முடிந்ததும் எல்லா லேயரையும் திரும்ப 100 க்கு ஏற்றவேண்டும். ஜிஃப்பில் ஒரு புள்ளி தெரியும், இல்லாவிட்டால் தெரியாது, அரைகுறையாகத் தெரிவது என்று ஒன்று கிடையாது. மங்கலாக விட்ட லேயர் பொத்தல் பொத்தலாகவோ காணாமலோ போகும்.

தரையோடு ஒட்டுதல், பெயர், நேரம்

இப்போது அடியில் ஒரு தரை, மேலே 15 பழம். இப்படியே ஓடவிட்டால் பழங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து மாலை மாதிரித் தொங்கும். ஒவ்வொரு பிரேமும் முழுப்படமாக இருக்கவேண்டும். தரையை 14 தரம் பிரதி எடுங்கள், ஒவ்வொரு பழத்துக்கும் நேர் கீழே ஒன்றை இழுத்து வையுங்கள், பழத்தில் வலது கிளிக் செய்து 'மெர்ஜ் டவுன்'. அலுப்பான பத்து நிமிட வேலைதான். தொடங்க முன் கோப்பை ஜிம்பின் சொந்த வடிவத்தில் சேமித்து, வேறு பெயரில் இன்னொரு பிரதியும் வையுங்கள், ஒட்டிய பிறகு பழத்தைத் தனியாகப் பிரிக்க முடியாது.

ஒட்டி முடிந்த பிறகு பெயர் வையுங்கள், முதலிலேயே வைத்தால் ஒட்டும்போது பெயர் குழம்பும். பெயரில்தான் நேரம் இருக்கிறது. 'விழு 1' என்று எழுதி, அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் 80 என்ற எண்ணும், அதோடு ஒட்டி ஆங்கிலச் சிறிய எழுத்தில் எம், எஸ் இரண்டும் போட்டால், அந்தப் பிரேம் 80 மில்லிசெக்கன் நிற்கும் என்று ஜிம்ப் எடுத்துக்கொள்ளும். இடையில் இடைவெளி விடக்கூடாது. முதல் பிரேமுக்கு 600, கடைசிக்கு 1000. ஒரு படத்தை நீட்டி நிறுத்த அதையே பத்துத் தரம் பிரதி எடுப்பவர்கள் இருக்கிறார்கள், தேவையே இல்லை, எண்ணை மாற்றினால் போதும். மிகவும் சிறிய எண்ணும் வேண்டாம்: 10 என்று கொடுத்தால் பிரௌசர்கள் அதை நம்பாமல் 100 ஆக்கி ஓட்டும், வேகமாக ஓடவேண்டியது ஊர்ந்துகொண்டு போகும்.

'ஃபில்டர்ஸ்', 'அனிமேஷன்', 'பிளேபேக்'. ஓடவிட்டுப் பாருங்கள். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம், இங்கேதான் அனிமேஷன் உருவாகிறது. விழுதல் மந்தமாக இருந்தால் 80 ஐ 60 ஆக்குங்கள். நடுக்கம் கண்ணில் படவில்லை என்றால் 3 ஐ 5 ஆக்குங்கள். யாராவது சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அவர்கள் மரியாதைக்காகப் பொய் சொல்லமாட்டார்கள்.

வெளியே எடுத்தல்

குறிப்புக்கு வரைந்த லேயர், தேவையில்லாத பிரதி எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள், மறைத்து வைப்பதை நம்ப வேண்டாம். 'ஃபைல்', 'எக்ஸ்போர்ட் அஸ்' போய், கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளி வைத்து ஜி, ஐ, எஃப் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ஒரு கட்டம் திறக்கும். 'அஸ் அனிமேஷன்' என்பதற்குச் சரி போடவேண்டும். இதை விட்டுவிட்டால் ஒரே ஒரு அசையாத படம்தான் வரும், பலர் தோற்றுப்போகும் இடம் இது. 'லூப் ஃபோரெவர்' போட்டால் திரும்பத் திரும்ப ஓடும். பிரேமை எப்படி அகற்றுவது என்று கேட்கும் இடத்தில் 'வன் ஃபிரேம் பெர் லேயர்' என்பதைத் தெரியுங்கள்.

கோப்பு பெரிதாக வந்தால், எக்ஸ்போர்ட் செய்ய முன் 'இமேஜ்', 'மோட்', 'இன்டெக்ஸ்ட்' போய் நிறங்களை 32 ஆகக் குறைத்து, டிதரிங் (நிறங்களைப் புள்ளி புள்ளியாகக் கலந்து காட்டுவது) வேண்டாம் என்று கொடுங்கள். நாங்கள் போட்ட தட்டை நிறங்களுக்கு 32 தாராளம். அதோடு 'ஃபில்டர்ஸ்', 'அனிமேஷன்' என்பதற்குள் 'ஒப்டிமைஸ் ஃபோர் ஜிஃப்' இருக்கிறது, மாறாத இடங்களை எடுத்துவிட்டு அசையும் பகுதியை மட்டும் வைத்துப் புதுப் பிரதி ஒன்று தரும். இந்தப் பிரதியைத் திருத்த முயலாதீர்கள், எக்ஸ்போர்ட்டுக்கு மட்டும்.

அடுத்தது: முடிவில்லாமல் ஆடும் பட்டம்

பழம் ஒருமுறை விழுந்தால் கதை முடிந்தது. பட்டம் அப்படியில்லை. வாடைக்காற்றுக் காலத்தில் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அந்த ஆட்டம் கண்ணுக்குள் நிற்கும், தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. இதைச் செய்ய எட்டே எட்டுப் படம் போதும்.

எட்டுமூலைப் பட்டம் ஒன்று வரையுங்கள். ஒரு மூலையில் கிளிக் செய்து, ஷிஃப்டை அழுத்தியபடி அடுத்த மூலையில் கிளிக் செய்தால் நேர்கோடு விழும், அப்படியே சுற்றி வந்துவிடலாம். இரண்டு நிறத் தாள் ஒட்டியது போல நிறத்தைப் பிரியுங்கள், ஒரே நிறம் என்றால் திரும்புவது கண்ணில் படாது. வாலைத் தனி லேயரில் வையுங்கள். நூல் இன்னொரு லேயர்.

சுழற்றும் கருவியில் மையத்தை முச்சை (பட்டத்தையும் நூலையும் இணைக்கும் கட்டு) கட்டிய இடத்தில் வையுங்கள். எட்டுப் படத்துக்கும் கோணம்: 0, 7, 10, 7, 0, -7, -10, -7. எட்டாவதுக்குப் பிறகு முதலாவது தானாக வரும். 'முழுமையாக' இருக்கட்டும் என்று கடைசியில் இன்னொரு 0 சேர்க்காதீர்கள், ஒவ்வொரு சுற்றிலும் பட்டம் ஒரு கணம் விக்கும். முச்சையே மையம் என்பதால் நூலை ஒருமுறை வரைந்தால் போதும், எட்டுப் படத்திலும் அதே நூல். சுழற்றியதையே திரும்பச் சுழற்றுவதும் கூடாது, ஒவ்வொரு சுழற்றலிலும் கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். முதல் பட்டத்தின் பிரதியையே ஒவ்வொரு தடவையும் எடுங்கள்.

வாலில்தான் உயிர் இருக்கிறது. வால் பட்டத்தோடு சேர்ந்து திரும்பினால் தகரத்தில் வெட்டியது போல இருக்கும். வால் பிந்தி வரவேண்டும்: பட்டம் மூன்றாவது படத்தில் ஓரத்துக்குப் போய்ச் சாய்ந்து நிற்கும்போது வாலின் நுனி இன்னும் நடுவில் இருக்கட்டும், ஐந்தாவதில் பட்டம் நடுவுக்குத் திரும்பிவிட்ட பிறகுதான் நுனி ஓரத்துக்கு வரட்டும். அதாவது நுனி இரண்டு படம் பிந்தியது, வாலின் நடுப்பகுதி ஒரு படம். இந்த எட்டு வாலையும் கையாலேயே வளைத்து வரையுங்கள், கோடு கொஞ்சம் கோணலாக இருந்தால் காற்றுக்கு நல்லதே.

பின்னால் முகில் ஓடவேண்டுமா? ஒரு முகிலை வரைந்து, அதையே 160 புள்ளி இடைவெளியில் மூன்று தரம் வையுங்கள், மூன்று 160 சேர்ந்தால் எங்கள் அகலம் 480. இப்போது ஒஃப்செட்டில் எக்ஸ் இடத்தில் 0, 20, 40 என்று 140 வரை எட்டுப் படம், ஓரத்துக்கு 'ராப் அரவுண்ட்'. வலப்பக்கம் வெளியே போனது இடப்பக்கமாக உள்ளே வரும், எட்டுப் படம் முடியும்போது ஒவ்வொரு முகிலும் அடுத்த முகிலின் இடத்துக்கு வந்துவிடும், எங்கே தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. நேரம் எல்லாவற்றுக்கும் 120. பட்டத்தில் கட்டும் விண் (காற்றுப் பட்டால் கூவும் நாண்) கூவுகிற சத்தத்தை மட்டும் இதில் வைக்க முடியாது, ஜிஃப்புக்குக் குரல் கிடையாது.

எழுத்து எழுதிக் காட்ட

சின்னப் பிள்ளைகளுக்கு 'அ' எப்படிச் சுழித்து எழுதுவது என்று காட்டவும் இதே வித்தை உதவும், நான் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான். வெள்ளை லேயர் ஒன்று அடியில். அதன் மேல் ஒவ்வொரு லேயரிலும் எழுத்தின் அடுத்த சின்னத் துண்டு மட்டும், முழு எழுத்தும் அல்ல. வழிகாட்ட ஒரு மங்கலான முழு 'அ' வை வைத்து அதன்மேல் வரைந்து, முடிந்ததும் அதை அழித்துவிடலாம். எக்ஸ்போர்ட் செய்யும்போது இந்தத் தடவை 'கியூமியுலேட்டிவ் லேயர்ஸ்' என்பதைத் தெரியுங்கள். பழத்தில் எது பிழையாக இருந்ததோ, முந்தியவை அழியாமல் சேர்ந்துகொண்டு போவது, இங்கே அதுதான் எங்களுக்கு வேண்டியது. தரையை ஒட்டும் வேலையும் இல்லை.

கோடு நேராகப் போகும் இடங்களில் துண்டுகளை நீளமாக விடுங்கள், சுழியில் சின்னச் சின்னதாக நறுக்குங்கள், கை அங்கே மெதுவாகத்தான் திரும்பும். கடைசித் துண்டுக்கு 1500 மில்லிசெக்கன் கொடுத்தால், பிள்ளை தன் கொப்பியில் எழுதிப் பார்க்கும்வரை எழுத்து நிற்கும்.